மேக்னெட்டோ டைமிங்: முதலில் பூஜ்யத்தைக் கண்டுபிடியுங்கள்

டிராக் ரேஸ் (நேர்கோட்டு வேகப் பந்தயம்) இன்ஜினில், பிளக்குகளுக்கு ஸ்பார்க் தரும் மேக்னெட்டோவைப் பொருத்தி டைமிங் வைப்பது ஒரு மாலை நேரத்து வேலைதான். ஆனால் அந்த நேரத்தில் பாதிக்கு மேல் மேக்னெட்டோவைத் தொடாமலே போய்விடும். போகவும் வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் "எத்தனை டிகிரி வைக்கணும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதாவது, பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் தண்டு இன்னும் எத்தனை டிகிரி திரும்பவேண்டியிருக்கும்போது ஸ்பார்க் வரவேண்டும் என்று. அந்த எண்ணை இன்ஜினைக் கட்டியவரிடம் போன் போட்டுக் கேட்டால் போதும். அவர் 36 என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கிராங்க் டாம்பரில், அதாவது கிராங்கின் முன் முனையில் உள்ள சக்கரத்தில், 36 என்று இருக்கிற கோடு உண்மையிலேயே 36தானா? அதை யாரும் போனில் சொல்ல முடியாது.

இங்கே எடுத்துக்கொள்வது அமெரிக்க டிராக் பந்தயங்களில் பழைய பாணி வண்டிகள் ஓடும் நாஸ்டால்ஜியா வகுப்புகளில் அடிக்கடி பார்க்கிற ஜோடி: ஸ்மால் பிளாக் செவ்ரலே வி8 இன்ஜின், அதன் மேல் வெர்டெக்ஸ் வகை பாயின்ட் மேக்னெட்டோ. சுவிட்சர்லாந்தின் ஸின்டில்லா நிறுவனத்தில் பிறந்த வடிவம் இது. பேட்டரி இக்னிஷனின் டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் அதே துளையில் உட்காரும். வேறு இன்ஜின் என்றால் சுழலும் திசையும் ஃபயரிங் ஆர்டரும் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) மாறலாம், முறை மாறாது.

உள்ளே என்ன நடக்கிறது

இன்ஜின் சுற்றும்போது மேக்னெட்டோவுக்குள் ஒரு காந்தம் சுற்றுகிறது. அதனால் காயிலின் முதல் சுற்றில், அதாவது பிரைமரியில், மின்சாரம் பிறக்கிறது. பாயின்ட் (திறந்து மூடும் தொடுமுனைகள்) மூடியிருக்கும் வரை அந்த மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது உச்சத்துக்கு வரும் நேரத்தில் பாயின்ட் திறந்தால் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரியும், ஆயிரக்கணக்கான சுற்றுகள் உள்ள செகண்டரியில் பல ஆயிரம் வோல்ட் எழும், கேப்புக்குள் சுற்றும் ரோட்டார் அதை அந்தந்த பிளக்குக்கு அனுப்பிவிடும். பேட்டரியே வேண்டாம். வேகம் கூடக் கூட ஸ்பார்க்கும் பலமாகும். டிராக் பந்தயக்காரர்களுக்கு மேக்னெட்டோ பிடித்துப்போன காரணம் இதுதான். ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல, அதன் ஃப்ளைவீலுக்குள் இருந்ததும் இதன் சின்னத் தம்பிதான்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போது ஸ்பார்க் பலவீனமாக இருக்கும். அதனால் பிளக் இடைவெளியைச் சிறிதாக, சுமார் 0.5 மி.மீ. அளவில் வைப்பார்கள். பேட்டரி இக்னிஷனுக்கு வைக்கும் இடைவெளியை அப்படியே இதற்கும் வைத்துவிட்டு, "மேக்னெட்டோ சரியில்லை" என்று சொல்கிறவர்கள் உண்டு.

பந்தயத்துக்கான மேக்னெட்டோவில் வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்னே தள்ளும் எடைகளோ வேக்குவம் டப்பாவோ பொதுவாக இருக்காது. பூட்டி வைத்ததுபோல ஒரே டைமிங். நீங்கள் நிறுத்தி வைத்து அமைக்கும் 36 டிகிரிதான் ஓடும்போதும் 36 டிகிரி. வேலை சுலபமாவதும் இதனால்தான், ஸ்டார்ட் செய்யும்போது கவனம் வேண்டியிருப்பதும் இதனால்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

புதியவர்கள் மிகவும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. மேக்னெட்டோவில் இரண்டு டைமிங் உண்டு. ஒன்று அதன் உள் டைமிங்: காந்தம் எந்த இடத்தில் இருக்கும்போது பாயின்ட் திறக்கிறது என்பது. மற்றது மேக்னெட்டோவுக்கும் இன்ஜினுக்கும் உள்ள உறவு: பாயின்ட் திறக்கும்போது பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பது. உள் டைமிங் பணிமனையில் கருவிகளை வைத்துச் செய்யப்படுவது. பாயின்ட் இடைவெளியை மாற்றினால் இரண்டுமே மாறும்: இடைவெளி கூடினால் பாயின்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னே போகும், ஸ்பார்க்கின் பலமும் பாதிக்கப்படும். ஆகவே இடைவெளியைத் தயாரிப்பாளரின் தாளில் உள்ளபடி ஃபீலர் கேஜ் வைத்து முதலிலேயே சரிசெய்துவிடுங்கள். அப்புறம் அந்தப் பக்கமே போகவேண்டாம். டைமிங்கை மாற்ற மேக்னெட்டோ உடம்பைத் திருப்புவது மட்டும்தான் வழி.

தொடும் முன்

மேக்னெட்டோவை நிறுத்தும் முறை, பழக்கப்பட்ட இக்னிஷனுக்கு நேர் எதிர். பேட்டரி இக்னிஷனில் கம்பியைத் துண்டித்தால் இன்ஜின் நிற்கும். மேக்னெட்டோவில் பிரைமரி கம்பியை எர்த் செய்தால்தான் நிற்கும். அதாவது கில் சுவிட்சுக்குப் போகும் கம்பி எங்காவது அறுந்திருந்தால் மேக்னெட்டோ எப்போதும் உயிரோடுதான் இருக்கிறது. சுவிட்ச் "ஆஃப்" என்று காட்டினாலும் சரி. கையால் கிராங்கைத் திருப்பினாலே ஸ்பார்க் வரலாம், சிலிண்டரில் எரிபொருள் மிச்சம் இருந்தால் அது பற்றிக்கொள்ளும். எனவே வேலை தொடங்கும் முன் ஒரு தனி கம்பியால் பிரைமரியை எர்த் செய்துவிடுங்கள், எட்டு பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். பாயின்ட் திறக்கும் இடத்தைப் பார்க்கிற அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் எர்த் கம்பியை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, அந்த முனையில் 12 வோல்ட்டை எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. காயிலில் ஓடும் அந்த மின்சாரம் காந்தத்தின் பலத்தையே கெடுத்துவிடும். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த வண்டியில் மேக்னெட்டோ மாட்டும்போது, முன்பு காயிலுக்குப் போன கம்பியைப் பழக்கதோஷத்தில் இதில் சொருகிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. அந்தக் கம்பியை முதலிலேயே வெட்டி, டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள்.

உண்மையான பூஜ்யம்

முதல் சிலிண்டரின் பிஸ்டன் மிக உயரத்தில் நிற்கும் புள்ளியை டிடிசி என்போம். டாம்பரில் பூஜ்யக் கோடு ஏற்கெனவே இருக்கும், அதை நம்பவேண்டாம். டாம்பர் வேறு கம்பெனியுடையதாக இருக்கலாம், அந்தக் கோடுகளைப் படிக்க இன்ஜினில் பொருத்திய முள் வேறு கம்பெனியுடையதாக இருக்கலாம். ரப்பர் வைத்த பழைய டாம்பரில் வெளி வளையம் மெல்ல நகர்ந்தும் போயிருக்கலாம். பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது கிராங்க் பல டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசையவே அசையாததுபோலத் தோன்றும், அதனால் துளைக்குள் கம்பியை விட்டுப் பார்த்து உச்சியைப் பிடிக்கிற முறையும் உதவாது.

பிஸ்டன் ஸ்டாப் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பிளக் துளையில் திருகிவிட்டால் அதன் மழுங்கிய முனை உள்ளே நீட்டிக்கொண்டு நின்று பிஸ்டனை உச்சிக்குப் போகவிடாமல் தடுக்கும். முதல் சிலிண்டரில், அதாவது ஓட்டுநர் பக்கத்தில் (அமெரிக்க வண்டியில் அது இடது பக்கம்) மிக முன்னால் இருப்பதில், இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும்போது இதைத் திருகுங்கள். கிராங்கை நீண்ட கைப்பிடி ஸ்பானரால் கையாலேயே திருப்புங்கள். ஸ்டார்ட்டர் கூடவே கூடாது, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். ஒரு பக்கம் மெதுவாகத் திருப்பி, பிஸ்டன் முட்டியதும் முள்ளுக்கு நேரே டாம்பரில் ஒரு கோடு போடுங்கள். மறுபக்கம் திருப்பி, முட்டியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்ட நடுவே இருப்பதுதான் உண்மையான டிடிசி.

உதாரணத்துக்கு, அச்சிட்ட பூஜ்யத்திலிருந்து ஒரு பக்கம் 22 டிகிரியிலும் மறுபக்கம் 26 டிகிரியிலும் கோடு விழுந்தால் உண்மையான பூஜ்யம் 26 இருக்கும் பக்கமாக 2 டிகிரி தள்ளி இருக்கிறது. முள்ளை நகர்த்த முடிந்தால் நகர்த்திச் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் டாம்பரில் புதிய டைமிங் டேப் (டிகிரிக் கோடுகள் அச்சிட்ட பட்டை) ஒட்டுங்கள். 2 டிகிரி என்பது 36க்கும் 38க்கும் உள்ள தூரம். சில இன்ஜின்களுக்கு அது பிஸ்டன் பிழைப்பதற்கும் உருகுவதற்கும் உள்ள தூரமும்கூட.

டேப் இல்லையென்றால் கணக்குப் போட்டே குறிக்கலாம். 8 அங்குல டாம்பரின் சுற்றளவு 638 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 1.77 மி.மீ. ஆக 36 டிகிரி என்பது பூஜ்யத்திலிருந்து கிட்டத்தட்ட 64 மி.மீ. இதை வளைவோடு ஒட்டினாற்போல அளக்கவேண்டும். எந்தப் பக்கம்? இன்ஜின் சுற்றும் திசையில் பூஜ்யத்துக்கு முன்னதாகவே முள்ளை வந்தடையும் பக்கம். செவ்ரலேவை முன்னாலிருந்து பார்த்தால் கிராங்க் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. படிக்கும்போது முள்ளுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். சாய்ந்து பார்த்தால் ஒரு டிகிரி தாராளமாகப் பிசகும்.

பிஸ்டன் ஸ்டாப்பைக் கழற்றியாயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மேக்னெட்டோவை இறக்குதல்

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு சிலிண்டர் ஒருமுறை எரியும். அதனால் 36 டிகிரி கோடு முள்ளுக்கு நேரே இரண்டு முறை வருவதில் ஒன்றுதான் கம்ப்ரஷன், மற்றது எக்ஸாஸ்ட். முதல் பிளக் துளையில் விரலை வைத்துக்கொண்டு இன்னொருவரைக் கிராங்கைத் திருப்பச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அதுதான் கம்ப்ரஷன். வால்வு கவர் கழற்றியிருந்தால் இன்னும் நிச்சயமாகத் தெரிந்துகொள்ளலாம். முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது ஆறாவது சிலிண்டரின் வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கரும் ஒன்று மூடிக்கொண்டும் ஒன்று திறந்துகொண்டும் அசையும்.

இப்போது கிராங்கை, சுற்றும் திசையிலேயே கொண்டுவந்து, 36இல் நிறுத்துங்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுத்து நிறுத்தக் கூடாது. கால் சுற்றாவது பின்னே போய் மறுபடி முன்னோக்கி வரவேண்டும். செயினிலும் பல்லிலும் உள்ள தொளதொளப்பு அப்போதுதான் ஓடும்போது இருக்கும் பக்கமாகவே ஒதுங்கி நிற்கும்.

மேக்னெட்டோவின் அடியில் உள்ள பல்சக்கரம் சாய்வான பற்கள் கொண்டது. இறங்கும்போது ரோட்டார் தானாகக் கொஞ்சம் திரும்பும். எனவே அது கடைசியில் நிற்கவேண்டிய இடத்துக்கு ஒரு பல் முன்னதாக வைத்து இறக்குங்கள். அடியில் இருக்கும் ஆயில் பம்ப் தண்டு சரியாகப் பொருந்தாவிட்டால் மேக்னெட்டோ முழுதாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்கும். கிளாம்பைப் போட்டு அழுத்தி உட்காரவைக்க முயலாதீர்கள். நீண்ட ஸ்க்ரூடிரைவரால் பம்ப் தண்டைத் திருப்பிப் பொருத்திவிட்டு மறுபடி இறக்குங்கள். உட்கார்ந்ததும் ரோட்டார் முனை, கேப்பில் எந்த முனைக்கு நேராக இருக்கிறதோ அதுதான் முதல் சிலிண்டர். கேப்பின் வெளிப்புறத்தில் அதை மார்க்கரால் குறித்துவிடுங்கள்.

பாயின்ட் திறக்கும் கணம்

செவ்ரலேவில் ரோட்டார் மேலிருந்து பார்க்க கடிகாரத் திசையில் சுற்றும். உடம்பை அதற்கு எதிர்த் திசையில் திருப்பினால் டைமிங் முன்னே போகும். கிளாம்பை, உடம்பு கையால் திருப்பும் அளவுக்குத் தளர்த்திக்கொள்ளுங்கள். முதலில் உடம்பைக் கடிகாரத் திசையில் திருப்பி, பாயின்ட் நன்றாக மூடியிருக்கும்படி வையுங்கள். பிறகு எதிர்த் திசையில் மிக மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். பாயின்ட் திறக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் நிறுத்தவேண்டும்.

அந்தக் கணத்தை எப்படிப் பிடிப்பது? சாதாரண டெஸ்ட் பல்பு இங்கே ஏமாற்றும். பாயின்ட் திறந்திருந்தாலும் காயிலின் பிரைமரி வழியாக எர்த்துக்குப் பாதை இருப்பதால் பல்பு எரிந்துகொண்டே இருக்கும். விமான மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பஸ் பாக்ஸ் கிடைத்தால் நல்லது, பாயின்ட் திறந்ததும் அதன் சத்தமோ விளக்கோ மாறிக் காட்டிக்கொடுக்கும். இல்லாவிட்டால் காயில் கம்பியைப் பாயின்டிலிருந்து கழற்றிவிட்டு மீட்டரால் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது பழைய முறை: மிக மெல்லிய செல்லோஃபேன் துண்டு ஒன்றைப் பாயின்டுகளுக்கு நடுவே வைத்து லேசாக இழுத்துப் பிடித்துக்கொள்வது. திறக்கத் தொடங்கியதும் அது வழுக்கிக்கொண்டு வரும். தாளின் தடிமனுக்குத் தகுந்த சின்னப் பிசகு இருக்கும், பிறகு டைமிங் லைட்டில் (முதல் பிளக்கின் ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் விளக்கு) பார்க்கும்போது அது சரியாகிவிடும். முடிந்ததும் தாளின் நார் எதுவும் உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. காந்தம் தனக்குப் பிடித்த இடத்தில் போய் நிற்கவே பார்க்கும், பல்சக்கரத்தில் உள்ள இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு ரோட்டாரை இழுத்துவிடும். ஓடும் இன்ஜினில் ஆயில் பம்பின் பாரம் தண்டைப் பின்னே இழுத்துப் பிடித்திருக்கும், நிற்கும் இன்ஜினில் அது இல்லை. அதனால் பார்க்கும்போது ரோட்டாரைச் சுற்றும் திசைக்கு எதிராக விரலால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேக்னெட்டோ கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. உடம்பை 1 டிகிரி திருப்பினால் டைமிங் 2 டிகிரி மாறும். தட்டித் தட்டி நகர்த்தவேண்டிய வேலை இது. கிளாம்பை இறுக்கும்போதே கொஞ்சம் நகரும், எனவே இறுக்கிய பின் மறுபடி பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைவிட மேக்னெட்டோ கனமானது. சாதாரண கிளாம்ப் போதாது, நல்ல கனமானதாகப் போடுங்கள். கடைசியில் உடம்பிலும் மேனிஃபோல்டிலும் சேர்ந்தாற்போல ஒரே கோடாக பெயின்ட் அடித்துவிட்டால் அது நகர்ந்ததா என்று தூரத்திலிருந்தே தெரியும்.

கம்பிகள் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில், ரோட்டார் சுற்றும் திசையில் போகும். பந்தய கேம் ஷாஃப்டுகள் (வால்வுகளை இயக்கும் தண்டுகள்) சிலவற்றில் 4உம் 7உம் இடம் மாறியிருக்கும், அப்போது 1-8-7-3-6-5-4-2. கேம் ஷாஃப்டோடு வந்த அட்டையைப் பார்க்காமல் கம்பி மாட்டாதீர்கள்.

ஸ்டார்ட் செய்வது

36 டிகிரியில் பூட்டிய இன்ஜினை, மேக்னெட்டோ உயிரோடு இருக்கும்போதே ஸ்டார்ட்டரால் சுற்றத் தொடங்கினால், பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே எரிந்து இன்ஜின் திருப்பி உதைக்கும், ஸ்டார்ட்டர் உடையும். சுவிட்ச் எர்த்தில் இருக்கும்போதே சுற்றவிட்டு, இன்ஜின் வேகம் பிடித்ததும் சுவிட்சைத் திறப்பதுதான் முறை. மெத்தனால் இன்ஜின் என்றால் காற்று நுழையும் வாயில் கொஞ்சம் பெட்ரோல் பீய்ச்சிவிடுவார்கள்.

ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருக்கவேண்டும், அவருக்கு எரிபொருளை அடைக்கும் வால்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். கில் கம்பி கைவிட்டால் இன்ஜினை நிறுத்த அதுதான் மிச்சம். பின் சக்கரங்கள் உறுதியான ஸ்டாண்டில் தூக்கியிருக்கட்டும். தீயணைப்பான் ஒன்றை ஒருவர் கையிலேயே வைத்திருக்கட்டும், மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ஓடும் இன்ஜினின் பிளக் கம்பியைக் கையால் தொடாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் வரவே வேண்டாம்.

டைமிங் லைட்

லைட்டுக்கு மின்சாரம் தனி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுங்கள். கிளிப்பை முதல் பிளக் கம்பியில், மற்ற கம்பிகளிலிருந்து தள்ளி மாட்டுங்கள். டிகிரியைத் திருகி வைக்கும் வசதியுள்ள லைட் மேக்னெட்டோவோடு சரியாக ஒத்துப்போகாமல் இல்லாத எண்ணைக் காட்டும். அந்தத் திருகைப் பூஜ்யத்தில் விட்டுவிட்டு டாம்பரில் உள்ள கோட்டை நேராகப் படியுங்கள். ஐடிலில் பார்ப்பதோடு விடாமல் 3,000 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பாருங்கள். கோடு ஒரே இடத்தில் நிற்கவேண்டும். அங்குமிங்கும் துள்ளினால் தண்டின் புஷ் தேய்ந்திருக்கலாம், பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம், அல்லது பாயின்ட் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். துள்ளுகிற கோட்டின் சராசரியை எடுத்து 36 என்று எழுதிக்கொள்வது டைமிங் வைப்பதாகாது.

முதல் சிலிண்டரோடு நிறுத்திவிடாதீர்கள். டாம்பரில் 90 டிகிரிக்கு ஒரு கோடாக நான்கு கோடுகள் போட்டுக்கொண்டால் எட்டையும் பார்த்துவிடலாம்: 1உம் 6உம் ஒரு கோட்டில், பிறகு 8உம் 5உம், 4உம் 7உம், 3உம் 2உம் (4, 7 இடம் மாறிய கேம் ஷாஃப்டிலும் இந்த ஜோடிகள் மாறாது, 4-7 ஜோடி தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளும், அவ்வளவுதான்). ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட 2 டிகிரி முன்னே ஓடினால், அந்த சிலிண்டரின் பிஸ்டன்தான் முதலில் போகும்.

எண்ணைப் பற்றி

வழக்கமான ஹெட் உள்ள, சூப்பர்சார்ஜர் இல்லாத பெட்ரோல் ஸ்மால் பிளாக் பெரும்பாலும் 34க்கும் 38க்கும் நடுவில் திருப்தியாக இருக்கும். சூப்பர்சார்ஜர் வந்தால் பெட்ரோலில் இது குறையவேண்டும். டிராக் பந்தயத்தின் உச்ச வகுப்பான டாப் ஃப்யூயல் வண்டிகள் 50 டிகிரிக்கு மேல் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனசு அலைபாயவேண்டாம். அது நைட்ரோமீத்தேன், மெதுவாக எரிவது. அங்கே ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், இன்ஜினுக்கு இரண்டு மேக்னெட்டோ. ஓட்டத்தின் பாதியிலேயே பிளக் முனைகள் எரிந்துபோய், அதன்பின் இன்ஜின் ஸ்பார்க்கே இல்லாமல் தன் சூட்டில் ஓடும். அந்த உலகத்து எண்கள் அங்கேயே இருக்கட்டும்.

உங்களுக்கு: கட்டியவர் சொன்னதைவிட 2 டிகிரி குறைவாகத் தொடங்குங்கள். ஒரு ஓட்டத்துக்கு 1 டிகிரி வீதம் ஏற்றுங்கள், அந்த நேரத்தில் ஜெட்டையோ டயர் காற்றையோ தொடாதீர்கள். திறந்த ஹெடரின் (புகைக் குழாய்) சத்தத்தில் நாக்கிங், அதாவது டைமிங் அதிகமானால் சிலிண்டரில் எழும் தட்டல், காதில் விழாது. பிளக்தான் சொல்லும். பந்தயத்தின் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் இன்ஜினை நிறுத்தி உருளவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் ஓடும் இன்ஜினில், பிளக்கின் வளைந்த எர்த் பட்டையில் நிறம் மாறிய ஒரு கோடு தெரியும். அது வளைவின் பக்கம் இருந்தால் டைமிங் சரி, நுனியில் இருந்தால் குறைவு, அடியில் திருகுப் பக்கம் இறங்கியிருந்தால் அதிகம். பீங்கானில் மிளகுத்தூள்போலப் புள்ளிகளோ அலுமினியத் துகள்களோ தெரிந்தால் அன்றைக்கு இனி ஏற்றாதீர்கள், 2 டிகிரி இறக்குங்கள். இந்தப் பட்டைக் கோட்டை மெத்தனாலில் படிப்பது கடினம். அங்கே கால் மைல் நேரத்தையும் முடிவு வேகத்தையும் பார்த்துத்தான் போகவேண்டும்: ஒரு டிகிரி ஏற்றியும் நேரம் குறையவோ வேகம் கூடவோ இல்லையென்றால் அந்த டிகிரியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டீல் ரோலர் கேம் ஷாஃப்ட் போட்ட இன்ஜினில் மேக்னெட்டோவின் பல்சக்கரம் பெரும்பாலும் வெண்கலம். அது தேய்வதற்கென்றே இருப்பது, தேயத் தேய டைமிங் பின்னே போய்க்கொண்டே இருக்கும். லைட்டில் பார்த்து ஒரு டிகிரி குறைந்திருக்கிறது என்று உடம்பைத் திருப்பி ஈடுகட்டும் முன், மேக்னெட்டோவைத் தூக்கி அந்தப் பற்களைப் பாருங்கள். நுனி கத்திபோலக் கூர்மையாகியிருந்தால் சக்கரத்தை மாற்றுங்கள், மாற்றிய பிறகு பாயின்ட் திறக்கும் கணத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.